பின்வாசல், ஐந்து ரூபாய்

அந்த சைக்கிள் நீல நிறம். முன்னால் கம்பிக் கூடை, பின்னால் கேரியர், பெல் மட்டும் இல்லை. எங்கள் எதிர்வீட்டுக்காரர் வைத்திருந்த சைக்கிள் கடையில், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய வண்டியாக நின்றுகொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று மதியமே போய் விலை கேட்டேன். இரண்டாயிரத்து இருநூறு என்றார். பள்ளி திறக்கும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கையில் இருபது ரூபாய்கூட இல்லை. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்தேன். ஆட்டோ நாலேகாலுக்குக் கிளம்பிவிடும். வாலிபால் பயிற்சி நாலரைக்குத் தொடங்கும். எட்டாம் வகுப்புவரை மதிய இடைவேளையிலும் சனிக்கிழமையிலும் ஆடி எப்படியோ சமாளித்தேன். கடைசி நாளன்று பி.டி. மிஸ் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாலைப் பயிற்சிக்கு நிற்காதவர்கள் டீமில் இல்லை. நடந்து வருகிறேன் என்றால் அப்பா விடமாட்டார். அந்தப் பங்குனியில்தான் நான் பெரியவளாகியிருந்தேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணி என்பது நடுராத்திரி மாதிரி ஆகிவிட்டது.

சைக்கிள் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் வாதாடினேன். அவர் பட்டுக்கடையில் விற்பனையாளர். நாளெல்லாம் புடவையை விரித்துக் காட்டிவிட்டு, மடித்து வைத்துவிட்டு, அலுத்துப்போய் வருகிறவர்.

"காசு இன்னா மரத்துலயா காய்க்குது? வேணும்னா நீயே சம்பாரிச்சு வாங்கிக்கோ" என்றார்.

பேச்சை முடித்துவைக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். "அம்மா, நீயே கேட்டுக்கினே இல்ல? சம்பாரிச்சா வாங்கிக்கலாம்னு அப்பா சொல்லிடுச்சு" என்று அம்மாவைச் சாட்சி வைத்தேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

எங்கள் ஊரில் கோடை விடுமுறையில் பெண்பிள்ளைகள் சம்பாதிக்கக் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டும் வழி ஒன்று உண்டு. புடவை முந்தானையில் தொங்கும் நூலைப் பிரித்து முடிச்சுப்போடும் குச்சு வேலை. அம்மாவும் கடைகளிலிருந்து புடவை வாங்கிவந்து வீட்டில் குச்சு கட்டுவார். நானும் உட்கார்ந்தேன். என் கை பந்தடித்துக் காய்த்த கை. பட்டு நூல் அதில் மாட்டி மாட்டி இழுத்தது. நான் மூன்று நாளில் கட்டிய ஒரே புடவையை அம்மா ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பிரித்து மறுபடி கட்டினார். "நீ சம்பாரிக்கறதுக்கு நான் நஷ்டப்பட முடியாதுமா" என்று புடவையை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் மருதாணிக் கோன் போட்டுச் சம்பாதித்தாள். எனக்குக் கோடுகூட நேராக வராது. சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம் என்றால், என் கணக்கு மார்க் தெருவுக்கே தெரியும்.

சித்திரை போய் வைகாசி வந்தது. வைகாசி என்றால் எங்கள் ஊருக்கு வரதர் உற்சவம். மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர். அந்த இரண்டு நாளும் சுற்றுவட்டார கிராமமெல்லாம் எங்கள் தெருவில்தான் நிற்கும். எங்கள் வீட்டின் முன்வாசல் ஊர்வலம் போகிற பெரிய சாலையில் இருந்தது. வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். பின்வாசல் ஒரு குறுகலான சந்தில் திறக்கும். அப்பாவும் தெருக்காரர்கள் சிலரும் சேர்ந்து முன்வாசலில் வருடா வருடம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். சைக்கிள் கடைக்காரரும் அதில் ஒருவர். மோர் கடைவதும், இஞ்சி நசுக்குவதும், அண்டாவைத் தூக்கிவருவதும் அம்மா. கரண்டி பிடித்து ஊற்றுவது அப்பா. புண்ணியம் முழுக்க அப்பாவுக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

ஒவ்வொரு கருட சேவையிலும், இந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்களாவது பந்தலுக்குள் நுழைந்து அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ கேட்பார்கள். அம்மா அவர்களை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார். திரும்பி வரும்போது அந்தப் பெண்களின் முகமே வேறாக இருக்கும். அங்கங்கே வண்டிக் கழிப்பறைகள் வைப்பார்கள்தான். ஆனால் கையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று பிள்ளைகளோடு அந்த நெரிசலை நீந்தி அதுவரை யார் போய்ச் சேர்வது? கேட்கத் துணிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்த வருடம்தான் யோசித்தேன்.

கொல்லைக் கக்கூஸைக் காசுக்குத் திறந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் குச்சு கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"யாரு கழுவறது?"

"நான்."

"தண்ணி?"

"நான்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"அப்பாதானே சம்பாரிச்சுக்கோன்னு சொல்லுச்சு?"

அம்மா மறுபடி குனிந்து ஒரு முடிச்சுப் போட்டார். "கதவுல தாப்பா சரியில்ல. மொதல்ல அதைப் பாரு" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

கொல்லையில் கக்கூஸ் ஒன்று, அதை ஒட்டிக் குளிக்கிற அறை ஒன்று. இரண்டுக்கும் தகரக் கதவு. ஒரு வாரம் உழைத்தேன். தாழ்ப்பாள் மாற்றினேன். சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். பை மாட்டுவதற்கு உள்ளே ஓர் ஆணி அடித்தேன். வெளியே ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, நூலில் கோத்த ஊக்குகள். ஊர்வலம் வரும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிடுவார்கள், மோட்டார் ஓடாது. அதனால் இரண்டு டிரம்மும் பதினோரு குடமும் முதல்நாளே நிரப்பி வைத்தேன். அப்பா கேட்டபோது, "கரண்ட் போயிடும் இல்லப்பா" என்றேன். பொறுப்பான பெண் என்று மெச்சிக்கொண்டார்.

கருட சேவையன்று விடியற்காலையில் அப்பா பந்தலுக்குப் போனதும் பின்வாசலைத் திறந்தேன். சந்து முனையில் மாட்ட ஓர் அட்டை எழுதியிருந்தேன். அதில்தான் சறுக்கினேன். 'கக்கூஸ்' என்று எழுதக் கை வரவில்லை. 'பாத்ரூம்' என்று எழுதவும் வெட்கம். கடைசியில், 'பெண்களுக்கு மட்டும். ரூ. 5' என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு மாட்டிவிட்டேன். வாசலில் ஸ்டூல் போட்டுக் காசுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தேன். அம்மா வந்து பார்த்தார். "மொதல் ஏவாரம், வெறுந்தட்டா வெக்கறது?" என்று தட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நடுவில் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனார். வாசலில் கோலம் வேறு போட்டிருந்தார்.

முதலில் வந்தவர் மஞ்சள் புடவை கட்டிய ஓர் அக்கா. பின்னால் அவர் ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர். நான் உள்ளே வாளியோடு நின்றிருந்தேன். அந்த அக்கா செருப்பைச் சந்திலேயே கழற்றினார். தட்டில் ஐந்து ரூபாய் போட்டார். குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே. கக்கூஸின் தகரக் கதவுக்கு முன்னால் வந்து வரிசையாக நின்று கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். ஒருவர் முந்தானையிலிருந்து கற்பூரத்தை வேறு அவிழ்த்தார்.

"எப்ப நடை தொறப்பாங்க பாப்பா? இன்னா அம்மன் இது?"

வாளியைக் கீழே வைத்தேன். "அம்மன் இல்லக்கா. பாத்ரூம்."

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அந்த அக்கா கூப்பிய கையைப் பிரிக்காமலே தகரக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்மனேதான் போ! மூணு மணிலேருந்து அடக்கிக்கினு இருக்கறேன் தாயே!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். மற்றவர்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் அடக்க முடியாது என்று ஒருத்தரையொருத்தர் அடக்கினார்கள். வெளியே வந்த அக்கா, சந்து முனைக்குப் போய் முழுத்தொண்டையில் தன் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார். அட்டையில் நான் எழுத வெட்கப்பட்டதையெல்லாம் அவர் குரலே சொல்லிவிட்டது. நானும் ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, 'கக்கூஸ், பாத்ரூம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எலுமிச்சம்பழத்தை எடுத்து அடுக்களையில் வைத்தேன்.

அதன்பிறகு எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐந்தாறு பேர் போனதும் உள்ளே ஓடித் தண்ணீர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பினாயில் ஊற்றி, குடத்தை நிரப்பி, மறுபடி வெளியே வந்து நிற்பேன். குமட்டவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு முறை கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் நீல சைக்கிளின் கூடையை நினைத்துக்கொண்டால் கால் தானாக உள்ளே போனது. ஆணியில் பையை மாட்டிவிட்டு வந்த பெண்கள் அந்த ஆணியைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குளியலறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பால் கொடுத்துவிட்டுப் போனாள்.

சந்தில் குவிந்திருந்த காகித டம்ளர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு துப்புரவுப் பணியாளர் அக்கா வந்தார். பச்சைச் சட்டைக்கு மேல் மின்னுகிற பட்டை போட்டிருந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாப்பா, நானும் போலாமா?"

அதில் 'நானும்' என்று ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தபோது வெட்கமாக இருந்தது, எனக்காக இல்லை, ஊருக்காக. அன்றைக்கு, "போங்கக்கா, உங்களுக்குக் காசு வேணாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் வெளியே வந்து கைகழுவி, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்துத் தட்டில் போட்டார்.

"வேணாம்னு சொன்னேனேக்கா."

"நீ உள்ள போயி கழுவறதைப் பாத்துக்கினுதான் இருந்தேன். இது கூலி. கூலியை வேணாம்னு சொல்லிப் பழகாத பாப்பா. அப்பறம் யாரும் குடுக்க மாட்டாங்க. எங்களைக் கேளு." துடைப்பத்தை எடுத்தவர் சிரித்தார். "டூட்டி அன்னிக்கு நாங்க தண்ணியே குடிக்கறதில்ல. நாங்க மட்டுமா? முன்னால மோர் ஊத்தறாங்களே, எந்தப் பொம்பளை கையில டம்ளர் காலியாவுதுன்னு போய்ப் பாரு."

போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை. அதற்குள் என் வரிசை சந்தைத் தாண்டி பெரிய சாலைக்கு வளைந்து, பந்தல்வரை நீண்டுவிட்டது. சைக்கிள் கடைக்காரர் இது என்ன வரிசை என்று ஒரு பாட்டியம்மாவைக் கேட்டிருக்கிறார். அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சைக்கிள் கடைக்காரர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, முன்வாசல்ல தர்மம், பின்வாசல்ல ஏவாரமா? நீ மோரை ஊத்து, உன் பொண்ணு வசூல் பண்ணட்டும். குடும்பமே நல்லா கணக்காத்தான் கீது!"

அப்பா கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்து வந்தார். கையில் மோர் ஒழுகிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "போதும். மூடு" என்றார். அம்மா, "நிக்கறவங்க மட்டும் போய்ட்டு வரட்டும்" என்றார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கடைசிப் பெண் போனதும் பின்வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

அன்று மதியம் வீட்டில் பெரிய சண்டை.

"நம்ம வூட்டுப் பொண்ணு கக்கூஸ் கழுவி காசு வாங்கறதா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"எனக்கு பதிமூணு வயசு. இப்ப எவனும் வர வேணாம்."

"டேங்க் ரொம்பிப்போனா லாரிக்கு யாரு குடுக்கறது?"

"நான் குடுக்கறேன்."

"அவசரத்துக்கு வரவங்களை உள்ள விடறது தர்மம்டி. அதுக்குக் காசு வாங்கற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல."

"கழுவற பழக்கமும் உனக்கு இல்ல. தினம் அம்மாதான் கழுவுது."

அம்மா சட்டென்று தலைகுனிந்து நூலைத் தேடுவதுபோல் பாவனை செய்தார். அப்பா, "பேச்சுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாவியும் கூடவே போய்விட்டது.

அடுத்த மூன்று நாளும் நான் அவரோடு பேசவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவர் பத்து நாளில் வாங்கித் தருகிறேன் என்று சமாதானம் சொல்வார், பத்து நாள் பத்து மாதமாகும் என்று எனக்குத் தெரியும். கையில் பாதிப் பணம்கூடச் சேரவில்லை. மீதிக்குத் தேர் ஒன்றுதான் வழி. அதனால் தினமும் காலையில் எழுந்து, பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம், டிரம்மைக் கழுவி நிரப்பினேன். கக்கூஸைத் தேய்த்தேன். ஆணியை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அப்பா பல்விளக்க வரும்போதெல்லாம் நான் குடத்தோடு எதிரே போவேன். அவர் ஒதுங்கி வழிவிடுவார். உரலுக்குள் தலையை விட்டாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன?

தேரன்று காலையில் அம்மாவோடு சேர்ந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு நானே பந்தலுக்குப் போனேன். "நானும் ஊத்தறேன்பா" என்றேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் நிற்க இடம் கொடுத்தார். நான் துப்புரவு அக்கா சொன்னதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அரைமணி நேரம் பார்த்தேன். ஆண்கள் டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னொன்று என்று நீட்டினார்கள். பெண்கள் வாங்கினார்கள். உதட்டை நனைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த டம்ளர் புருஷன் கைக்கோ பிள்ளை கைக்கோ போனது. தனியாக வந்தவர்கள் நாலடி தள்ளிப்போய், யாரும் பார்க்காதபோது, கால்வாயில் ஊற்றினார்கள். வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வேர்வையில் அவர்களின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்பா, பொம்பளைங்க கையைப் பாரு."

"இன்னாத்த பாக்கறது?"

"பாரு."

அப்பாவுக்குப் பெண்களின் கையைப் படிக்கத் தெரியும். எந்தப் புடவையின் மேல் கை ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது என்று பார்த்தே விலை சொல்கிற மனிதர். பார்த்தார். ஐந்தாறு டம்ளர் கைமாறிப் போவதைப் பார்த்தார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் டம்ளரைப் பையனிடம் நீட்டிய ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, மோர் புளிக்குதா?"

அந்தப் பெண் தர்மசங்கடப்பட்டார். "இல்லண்ணா, நல்லாத்தான் இருக்குது." பிறகு குரலை இறக்கினார். "குடிச்சுட்டு எங்கண்ணா போறது? மாகறல் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கணுமே."

பதினைந்து வருடமாக அந்தப் பந்தலில் கரண்டி பிடித்தவர் அப்பா. வெயிலில் வருகிறவர்களின் தாகத்தைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"போய்த் தொற. எல்லாரையும் வரச் சொல்லு. ஆனா காசு வாங்காத."

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. ஓடிப்போய்த் திறந்திருக்கலாம். அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். ஆனால் நீல சைக்கிளும் நின்றுகொண்டிருந்தது. அதைவிட, தட்டில் விழுந்த அந்தத் துப்புரவு அக்காவின் ஐந்து ரூபாய்.

"தொறக்கறேன். அவங்க போவட்டும். ஆனா நான் கழுவணும்னா காசு வாங்குவேன்பா."

"தர்மத்துக்குக் காசு இன்னாடி?"

"அப்படின்னா நீ தர்மம் பண்ணு. ஒரு மணி நேரம் நீ பின்னால போயி கழுவு. காசு வாங்காத. நான் இங்க மோர் ஊத்தறேன். ஒரு மணி நேரம் கழிச்சு நீ இன்னா சொல்றியோ, அதை நான் கேக்கறேன்."

சைக்கிள் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தலே கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவும் என்னைப் பெற்றவர்தானே, வீம்பு வேறெங்கிருந்து வந்தது எனக்கு? "இன்னா பெரிய வேலை" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். கரண்டியை என் கையில் திணித்தார். சாவியைப் பிடுங்கிக்கொண்டு மாகறல் பெண்ணை, "வாம்மா" என்று கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அந்த ஒரு மணி நேரம் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா வாசலில் நின்று பெண்களை உள்ளே அனுப்பியிருக்கிறார். அதுவரை அப்பா சந்து முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஐந்தாறு பேர் போனதும் அம்மா கூப்பிடுவார். அப்பா பிரஷ்ஷோடு உள்ளே ஓடுவார். முதல் முறை மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு போனாராம். மூன்றாவது முறை துண்டும் நனைந்துவிட்டதாம். தேருக்காகக் கரண்ட் நின்றுபோனதும், டிரம்மிலிருந்து குடம் குடமாகத் தூக்கியிருக்கிறார். ஒரு பெண், "யாருண்ணா நீங்க, ஆள் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாராம். "வூட்டுக்காரன்மா" என்றாராம் அப்பா.

ஒரு மணி நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார். இடுப்புவரை ஈரம். கையிலிருந்து சோப்பு வாசனை தூக்கலாக வந்தது, இரண்டு மூன்று முறை கழுவியிருப்பார் போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். முழுவதும் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அஞ்சு ரூவா கம்மிடி."

சிரித்தால் அவர் மனது மாறிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். "ஏத்த வேணாம்பா. ஊர்லேருந்து வரவங்க கையில சில்லறை அவ்ளோதான் இருக்கும்."

கரண்டியை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். நான் பின்வாசலுக்கு ஓடும்போதே, புடவைக் கடையில் கூப்பிடுகிற அதே குரல் முன்வாசலிலிருந்து கேட்டது.

"குடிங்கம்மா, பயப்படாம முழுசா குடிங்க! பின்னால எங்க வூட்ல பாத்ரூம் இருக்குது! சுத்தமா இருக்கும், அஞ்சு ரூவா! என் பொண்ணுதான் பாத்துக்குது!"

அதற்குப் பிறகு வந்த கூட்டத்துக்கு டிரம் இரண்டும் தீர்ந்து, எதிர்ச்சந்து அடிபம்பில் அடித்துக் கொண்டுவந்தேன். தேர் எங்கள் தெருவைத் தாண்டியபோது நான் பார்க்கவில்லை. வடம் பிடிக்கிறவர்களின் சத்தம் மட்டும் சுவருக்கு மேலாக வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஈரக்கையோடு அங்கிருந்தே கும்பிட்டேன்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவும் நானும் சைக்கிள் கடைக்குப் போனோம். மொத்தப் பணமும் பெரும்பாலும் ஐந்து ரூபாய் நாணயம். அம்மா ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்திருந்தார். அதை மேசையில் வைத்ததும் சைக்கிள் கடைக்காரர் பையைத் தூக்கிக் கனம் பார்த்தார். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"இன்னாபா, எல்லாம் பின்வாசல் ஏவாரமா?" என்று கண்ணடித்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கருட சேவையன்று இதே ஆளின் இதே பேச்சுக்கு, கையில் மோர் ஒழுக வந்து கதவைப் பூட்டியவர். இன்றைக்கு நகரவில்லை.

"ஆமா. கக்கூஸ் கழுவி சம்பாரிச்ச காசு" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "நானும் ஒரு மணி நேரம் கழுவியிருக்கறேன், அதனால சொல்றேன். ஒண்ணுகூட கம்மி இருக்காது. எண்ணி வாங்கிக்கோ."

அவர் எண்ணினார். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அப்பா அதுவரை சைக்கிள் சீட்டில் கைவைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும், கடைக்காரர் உள்ளே போய் ஒரு புது பெல்லை எடுத்துவந்து மாட்டினார். அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

நான் பையில் மிச்சமிருந்ததிலிருந்து எடுத்து அதற்கும் கொடுத்தேன்.